குதிகாலுக்குக் கீழே கொஞ்சம் இன்ஜினீயரிங்!

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் 'சுரீர்'னு ஒரு குத்து. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நாலு அடி நொண்டினதும் கொஞ்சம் பரவாயில்லை. அப்புறம் சமையல், துவையல், வேலைன்னு ஓட்டம். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தா மறுபடியும் அதே குத்து.

உங்க வீட்டில் யாராவது இப்படி நடக்கிறாங்களா மக்களே? யோசிச்சுப் பாருங்க. அநேகமா அது அம்மாவா இருக்கும். நாமதான் காதுல ஹெட்போன், கையில செல்போன்னு திரியறோமே, எங்கே கவனிக்கிறது!

இந்த வாரம் நாம பார்க்கப்போற மேட்டர், செருப்புக்கும் காலுக்கும் நடுவில் படுத்துக்கிடக்கிற ஒரு சாதுவான ஐட்டம். 'இன்சோல்'னு சொல்வாங்க. கால் வலிக்கு டாக்டர் எழுதித் தர்ற உள்மெத்தை. "இதுக்கெல்லாம் ஒரு பக்கமா?"னு கேட்காதீங்க பாஸ். தெர்மோடைனமிக்ஸைவிட இது சுவாரஸ்யமான சப்ஜெக்ட். அதுவும் இதோட கதையில் பாதி நம்ம வட தமிழ்நாட்டில் நடந்தது.

முதல்ல ஊர்ப் பெருமை. எங்க ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போற ரோட்டில், செய்யாற்றங்கரையில் இருக்கிற கிராமம். திருஞானசம்பந்தர் பாடின சிவன் கோயில் இருக்கிற ஊர். காலையில் ரோட்டோரமா நின்னு மேலே பார்க்காம கீழே பாருங்க. நடவுக்குப் போற வெறுங்கால், ரப்பர் செருப்பு மாட்டின கால், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுற ஷூ கால். எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற கால்கள். காஞ்சிபுரம் பக்கம் போனா, தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்க மிதிக்கிற நெசவாளர் கால்கள். இத்தனை கால்களுக்கும் வலி வந்தா, முதல் வைத்தியம் என்ன? வென்னீரில் உப்பு. அடுத்தது, மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை. மூணாவது, "வயசானா அப்படித்தான்."

வயசுக்கும் இதுக்கும் இருக்கிற சம்பந்தத்தைவிட, வில்லுக்கும் நாணுக்கும் இருக்கிற சம்பந்தம்தான் அதிகம்!

வில்லு... நாணு... குத்து!

பாதத்தின் எலும்புகள் ஒரு வில் மாதிரி வளைஞ்சு நிற்குது. அந்த வில் சப்பையாகிடாம இருக்க, அடியில் குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரைக்கும் ஒரு கெட்டியான பட்டை இழுத்துக் கட்டியிருக்கு. அதுதான் நாண். டாக்டர்கள் பாஷையில் பிளான்டார் ஃபேஸியா. சிவில் பசங்களுக்குச் சொல்லணும்னா, ஓட்டு வீட்டுக் கூரையில் ரெண்டு சாய்ந்த மரமும் விலகிடாம கீழே குறுக்கே இழுத்துப் பிடிக்கிற கம்பி இருக்கே, அதே வேலை. நடக்கும்போது விரல் மடங்கினா பட்டை முறுக்கேறி, வில் மேலே எழும்பும். கால் விறைச்சு நிக்கும், அடுத்த அடிக்கு உந்தித் தள்ளும். ஹிக்ஸ் என்கிற உடற்கூறு ஆய்வாளர் 1954-லேயே இதை விளக்கிட்டார்.

இந்தப் பட்டை குதிகால் எலும்பில் ஒட்டுற இடத்தில், தாங்க முடியாத அளவுக்கு வேலை விழுந்தா, அந்த இடம் நைந்துபோய் வலிக்கும். ராத்திரி முழுக்கத் தளர்ந்து கிடந்த பட்டையை, காலையில் முதல் அடியில் திடீர்னு இழுத்தா? அந்த 'சுரீர்' அதுதான்.

இங்கே ஒரு வதந்தியையும் உடைச்சிடலாம். எக்ஸ்ரே எடுத்தா குதிகாலில் குட்டியா ஒரு எலும்பு நீட்டிக்கிட்டு இருக்கும். உடனே, "முள்ளு வளர்ந்திருக்கு, அதுதான் குத்துது"னு ஊரே சொல்லும். ஆனா, வலியே இல்லாத நிறைய பேரோட எக்ஸ்ரேயிலும் அதே முள் இருக்கு. முள்ளுக்காகப் பயந்து, ஆபரேஷன் வரைக்கும் கற்பனை பண்ணவேண்டாம்.

60 கிலோ கணக்கு

இப்போ இன்சோல் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். ப்ளஸ் ஒன் ஃபிஸிக்ஸ் போதும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது.

60 கிலோ எடையுள்ள ஒருத்தர். நடக்கும்போது ஒற்றைக் குதிகாலில் மொத்த எடையும் ஒரு கணம் இறங்குது. சிமென்ட் தரையைத் தொடுகிற குதிகால் பரப்பு, ஒரு கணக்குக்கு 20 சதுர செ.மீ-னு வைச்சுப்போம். சதுர செ.மீட்டருக்கு 3 கிலோ. அதே குதிகால் மெத்துனு ஒரு பொருளில் அமுங்கி, பக்கவாட்டுச் சதையும் பாரத்தில் பங்கு எடுத்து, பரப்பு 30 ஆச்சுன்னா? சதுர செ.மீட்டருக்கு 2 கிலோ. எடை ஒரு கிராம்கூடக் குறையலை, அழுத்தம் மட்டும் மூணில் ஒரு பங்கு காலி! ஒரு நாளைக்கு ஐயாயிரம் அடி நடந்தா, ஒவ்வொரு காலுக்கும் ரெண்டாயிரத்து ஐந்நூறு தடவை இந்த லாபம்.

இது முதல் வேலை. ரெண்டாவது வேலை, பாதத்தின் வளைவுக்குக் கீழே ஒரு மேடு வைச்சு வில்லைத் தாங்குறது. வில் அமுங்காதபோது நாணுக்கு இழுவை குறையும். மூணாவது, புண்ணோ, ஆணியோ, வீக்கமோ இருக்கிற இடத்தைச் சுற்றி உயர்த்தி, அந்த இடத்தில் மட்டும் பாரம் விழாம பண்றது.

ஆக, இன்சோலில் மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. பாரத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ற கவர்ன்மென்ட் ஆர்டர். அவ்ளோதான்!

காஸ்ட்லின்னா கரெக்ட்டா?

சிட்டிக்குப் போனா, கண்ணாடி மேல ஏறி நிக்கச் சொல்லி, பாதத்தை ஸ்கேன் பண்ணி, கலர் கலரா படம் காட்டி, "உங்களுக்குன்னே ஸ்பெஷலா செய்யணும் சார்"னு சில ஆயிரங்களைச் சொல்றாங்க. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சிலிக்கான் குதிகால் கப் சில நூறு ரூபாய்தான். எதை வாங்கறது?

1999-ல் அமெரிக்காவில் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. குதிகால் வலி இருந்த 236 பேரை ஐந்து அணியாகப் பிரிச்சாங்க. எல்லாருக்கும் கெண்டைக்காலையும் பாதத்தையும் நீட்டி இழுக்கிற பயிற்சி உண்டு. ஒரு அணிக்கு வெறும் பயிற்சி மட்டும். மற்ற நாலு அணிகளுக்குக் கூடவே சிலிக்கான், ரப்பர், கம்பளி, அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக்னு ஒவ்வொரு வகை உள்மெத்தை. எட்டு வாரம் கழிச்சு ரிசல்ட்: நல்ல மாற்றம் தெரிஞ்சவங்க சிலிக்கானில் 95 சதவிகிதம், ரப்பரில் 88, கம்பளியில் 81, வெறும் பயிற்சியில் 72. அளவெடுத்துச் செஞ்ச காஸ்ட்லி அயிட்டம்? 68. கடைசி பெஞ்ச்!

2006-ல் ஆஸ்திரேலியாவில் 135 பேரிடம் இன்னொரு சோதனை. ரெடிமேட், அளவெடுத்துச் செய்தது, பேருக்கு ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச்னு மூணு அணி. மூணு மாதத்தில் முதல் ரெண்டு அணியும் பாதத்தின் இயக்கத்தில் கொஞ்சம் முன்னால் இருந்தாங்க. அந்த ரெண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசமில்லை. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா மூணு அணியும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான்.

இதுக்கு என்ன அர்த்தம்? குதிகால் வலி பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் தானே அடங்கிடும். இன்சோல் அந்த ஒரு வருஷத்தை நொண்டாம கடக்க உதவுகிற கைத்தடி. அதுக்குச் சில நூறு ரூபாய் போதும், சில ஆயிரத்துக்கு அம்மா நகையைத் தேடவேண்டாம். கூடவே பயிற்சி பண்ணணும். அதுக்குக் காசே வேண்டாம்.

செருப்பில்லாத வீட்டில் இன்சோலை எங்கே வைக்கறது?

இப்போதான் நம்ம ஊர் பிரச்னை வருது. மேலே சொன்ன ஆராய்ச்சி எல்லாம் ஷூ போட்டு வாழ்ற நாடுகளில் நடந்தது. நம்ம அம்மா ஷூ போடறாங்களா? காலையில் நாலரைக்கு எழுந்து வாசல் தெளிச்சுக் கோலம் போடறதிலிருந்து, ராத்திரி பாத்திரம் கழுவுற வரைக்கும் வெறுங்கால். மண் தரையும் சாணம் மெழுகின தரையும் போய், இப்போ வீட்டுக்கு வீடு சிமென்ட், டைல்ஸ், கிரானைட். வெளியே போகும்போது மட்டும் அரை இன்ச் ரப்பர் செருப்பு. அதுவும் தேய்ஞ்சு, குதிகால் பக்கம் பேப்பர் மாதிரி ஆன பிறகும் "இன்னும் ஆறு மாசம் வரும்" கேஸ்.

இன்சோல் காலுக்கடியில் இருக்கிற நேரம்தான் அது வேலை செய்கிற நேரம். கம்பெனிக்குப் போற அக்கா ஷூவில் எட்டு மணி நேரம் இருப்பாங்க, அவங்களுக்கு இன்சோல் ஓகே. வீட்டில் இருக்கிறவங்களுக்கு? மெத்தை உள்ளேயே அமைஞ்ச ஒரு செருப்பு வேணும், அதை வீட்டுக்குள்ளேயும் போடணும்.

"வீட்டுக்குள்ள செருப்பா? லட்சுமி எப்படி வருவா?"னு ஒரு குரல் வரும். வாசலைத் தாண்டாத, வீட்டுக்குன்னே ஒரு தனி ஜோடி, பூஜையறைக்கு வெளியே கழட்டிடலாம்னு பேசிப் பாருங்க. இந்தச் சமாதானப் பேச்சுவார்த்தை செமஸ்டர் எக்ஸாமைவிடக் கஷ்டம்தான். ஆனா வொர்த்!

மெத்தையோட செருப்புன்னு சொன்னேனே, அதைத்தான் 'எம்.சி.ஆர். செருப்பு'னு கடையில் கேட்டு வாங்கறோம். உள்ளே பொடிப்பொடியா காற்றுக் குமிழ் நிறைஞ்ச ரப்பர். அழுத்தினா அமுங்கும், விட்டா எழும்பும். இந்தச் செருப்பை நம்ம பக்கம் பிரபலமாக்கினது குதிகால் வலி இல்லை. வலியே தெரியாத கால்கள்!

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

பால் பிராண்ட். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள், பிறந்தது 1914-ல் நம்ம கொல்லிமலையில். லண்டனில் டாக்டருக்குப் படிச்சு, 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வேலைக்கு வந்தார். வந்த புதிதில், செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். உத்திரமேரூரிலிருந்து பக்கத்தில் இருக்கிற செங்கல்பட்டுதான். அங்கே ராபர்ட் காக்ரேன் என்கிற தொழுநோய் நிபுணர் அவருக்கு நோயாளிகளைக் காட்டினார். விரல் மடங்கிப்போன கைகளைப் பார்த்த பிராண்ட், அந்த வேலையிலேயே வாழ்க்கையைக் கொடுத்தார்.

தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழுந்திடும்னுதான் அதுவரைக்கும் பெரும்பாலும் நம்பினாங்க. பிராண்டும் அவர் கூட இருந்தவங்களும் கண்டுபிடிச்சது வேற. நோய் நரம்பைக் கெடுக்குது, அதனால் வலி தெரியலை. வலி தெரியாததால் சூடு, முள், ஆணி எதுவும் தெரியலை. நமக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் கால் வலிச்சா, நம்மை அறியாமலேயே நடையை மாத்துவோம், பாரத்தை மறுபக்கம் போடுவோம். அவங்க மாத்த மாட்டாங்க. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை பாரம் விழுந்து, சதை உள்ளுக்குள் நைந்து, புண்ணாகும். அதோடயே நடப்பாங்க.

இது மருந்தில் தீர்ற பிரச்னை இல்லை, அழுத்தத்தில் தீர்ற பிரச்னை. அதாவது, நம்ம 60 கிலோ கணக்கு! வேலூரிலும், பக்கத்தில் 1955-ல் தொடங்கின கரிகிரி தொழுநோய் மையத்திலும், நோயாளிகளுக்கான செருப்பு ஓர் ஆராய்ச்சியாகவே நடந்தது. மேலே அமுங்குகிற எம்.சி.ஆர்., கீழே முள் ஏறாத கெட்டி அடித்தட்டு. காலிலிருந்து கழன்று போனாலும் தெரியாது என்பதால் பின்னால் ஒரு வார். ஆணி அடிக்காம, தைச்சோ ஒட்டியோ செய்யணும். ஆணி வெளியே வந்து குத்தினாலும் தெரியாதே! மேலைநாட்டு ஷூவுக்குள் வைக்கிற மெத்தையை, நம்ம ஊர் செருப்பாவே மாத்தின வேலை இது.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோயாளிகளின் காலுக்கு வரும் அதே புண், சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் அதே காரணத்தால் வருதுன்னு அங்கே எடுத்துச் சொன்னார். 2003-ல் அவர் மறைஞ்சபோது, அவரோட பாடம் உலகம் முழுக்க சர்க்கரை நோய் கிளினிக்குகளில் இருந்தது.

அந்தப் பாடம் நம்ம ஊருக்கும் திரும்பி வந்தது. சென்னை ராயபுரத்தில் இருக்கிற எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையும், அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறின 241 சர்க்கரை நோயாளிகள். அவங்களில் 191 பேருக்கு எம்.சி.ஆர்., பாலியூரித்தேன் ஃபோம், காலுக்கு அச்செடுத்தது என்று மூணு வகை மெத்தையில் ஏதோ ஒண்ணு. 50 பேர் போட்டது கெட்டியான தோல் அட்டை வைச்ச சாதாரண செருப்பு. ஒன்பது மாதம் கழிச்சுப் பார்த்தா, சாதாரண செருப்பு போட்டவங்களில் 33 சதவிகிதம் பேருக்குப் புதுசா புண். மெத்தை போட்டவங்களில்? வெறும் 4 சதவிகிதம்!

வலிக்கிற காலுக்கு இன்சோல் ஒரு கைத்தடின்னு சொன்னேன். மரத்துப்போன காலுக்கு அது கவசம். சர்க்கரை நோயாளியின் கால் எடுக்கப்படும் கதைகளில் பெரும்பாலானவை, ஒரு சின்னப் புண்ணில்தான் ஆரம்பிக்குது. அதனால்தான் இங்கே ரூல் தலைகீழ். வலிக்கிற காலுக்கு ரெடிமேட் ஓகே. மரத்த காலுக்கு டாக்டர் பார்க்காம நாமா எதையும் வாங்கி வைக்கக் கூடாது. டைட்டான ஷூவுக்குள் மெத்தையைத் திணிச்சா, விரல் மேலே உரசி அதுவே புண்ணாகும்.

ஆறு விரல் டெஸ்ட்

வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கா? இந்த டெஸ்ட்டை நீங்களே பண்ணலாம். 2011-ல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊரில் உருவானது. ஒரு நயா பைசா செலவில்லை.

அவங்களைக் கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு காலிலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனிகளை உங்க ஆள்காட்டி விரலால் பூ மாதிரி ஒண்ணு ரெண்டு விநாடி தொடுங்க. தட்டக் கூடாது, அழுத்தக் கூடாது, தடவக் கூடாது. தொடறது தெரிஞ்சா எந்தப் பக்கம்னு சொல்லணும். மொத்தம் ஆறு இடம். ரெண்டோ அதற்கு மேலோ தெரியலைன்னா, அடுத்த வேலை நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. சர்க்கரை மாத்திரையை 2021-ல் ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே வாங்கறவங்களா? மாத்திரை கொண்டுவர்றவங்ககிட்டயே "காலையும் பார்க்கணும்"னு சொல்லுங்க.

கோயிலுக்குப் போறவங்களுக்கு ஒரு ஸ்பெஷல் நோட். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் பிராகாரக் கல் கொதிக்கும். நாம 'ஆ... ஊ...'னு குதிச்சு ஓடுவோம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலையில் சீக்கிரமோ, வெயில் தாழ்ந்தோ கூட்டிட்டுப் போங்க. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதை மரத்த வெறுங்காலோட நடக்கவே வேண்டாம். அண்ணாமலையார் கோவிச்சுக்க மாட்டார்!

கட் பண்ணி ஒட்டி வைங்க!

* எழுந்ததும் தரையில் கால் வைக்காதீங்க. கட்டிலில் உட்கார்ந்து, வலிக்கிற காலை மறு தொடை மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமா இழுத்துப் பிடிச்சு பத்து எண்ணுங்க. பத்து தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை.

* சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் எழும்பாம கெண்டைக்காலை இழுங்க.

* எம்.சி.ஆர். வாங்கும்போது ரெண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பாருங்க. நல்லா உள்வாங்கணும், விட்டதும் எழணும். கல்லு மாதிரி இருந்தா, போர்டில் என்ன எழுதியிருந்தாலும் வேண்டாம்.

* ஷூவில் இன்சோல் வைக்கிறதுக்கு முன்னாடி பழைய உள் அட்டையை எடுத்திடுங்க. விரல் நெருக்கினா ஒரு சைஸ் பெரிய ஷூ வேணும்.

* மெத்தை அமுங்கி எழும்பாம போச்சுன்னா ஆயுள் முடிஞ்சது. செருப்பின் மேல்பக்கம் பளபளன்னு இருக்குன்னு ஏமாறாதீங்க.

* கீழே விழுந்த பிறகு வந்த வலி, வீக்கம், காய்ச்சல், தூங்கும்போதும் விடாத வலி, இதெல்லாம் இன்சோல் கேஸ் இல்லை, டாக்டர் கேஸ். நம்ம வயசுப் பசங்களுக்கு ரெண்டு குதிகாலும் வலிச்சு, கூடவே காலையில் முதுகு நெடுநேரம் விறைச்சு நின்னா, அது மூட்டு சம்பந்தமான வேற நோயா இருக்கலாம். தள்ளிப் போடாதீங்க.

கடைசியா ஒரு ஹோம் வொர்க். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜையறை வரைக்கும் குட்டிக் குட்டி பாதம் வரைவாங்களே, அந்தப் பாதத்தின் நடுவில் ஒரு வளைவு இருக்கும். வீட்டில் ஒவ்வொருத்தர் காலையும் தண்ணியில் நனைச்சு, சிமென்ட் தரையில் பதியச் சொல்லுங்க. நடுவில் வளைவு இருக்கா, முழுசா சப்பையா பதியுதா, இல்லை முன்னும் பின்னும் மட்டும் ரெண்டு தீவா தெரியுதான்னு பாருங்க. சப்பை பாதம் ஒரு நோய் இல்லை, வலி இல்லைன்னா அதுக்கு எதுவும் வைக்க வேண்டியதும் இல்லை. ஆனா இந்தச் சாக்கில் எல்லார் காலையும் ஒரு தடவை உத்துப் பார்த்திருப்பீங்க. வெடிப்பு, ஆணி, ஆறாத புண் எல்லாம் அப்போதான் கண்ணில் படும்.

அப்படியே வாசலில் கிடக்கிற அம்மாவோட செருப்பையும் திருப்பிப் பாருங்க. குதிகால் பக்கம் பேப்பரா? அப்போ அடுத்த ரீசார்ஜுக்கு முன்னாடி வாங்கவேண்டியது எதுன்னு நான் சொல்லணுமா என்ன?